தவக்காலத்துக்கு முன் சமாதானமா, ஒருசந்தியா?

பால்மரக்காடு:
இந்த 2026இல், உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், நெற்றியில் சாம்பல் பூசும் நாள், பிப்ரவரி 18. சீனப் பெருநாளின் இரண்டாம் நாள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அன்பிய (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) கூட்டத்தில் இப்போதே பட்டியல் போடுகிறார்கள்: யார் இறைச்சியை விடுவது, யார் கோப்பியை, யார் கைப்பேசியை என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தோட்டம் விற்கப்பட்டபோது, தோட்டத்து ஆட்களுக்கு வீடு கொடுக்கப் போட்ட பட்டியலில் பெயர் வந்த குடும்பமும் வராத குடும்பமும் அதே கூட்டத்தில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கின்றன. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் சமாதானம் செய்யச் சொல்கிறது மத்தேயு 5. சாம்பல் பூசுவதற்கு முன்னால் அதைச் செய்வோம். ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்பு, அப்புறம்.

செம்பனை அண்ணன்:
தம்பி, முதல் படியையே இவ்வளவு உயரமாக வைத்தால் யாரும் ஏறமாட்டார்கள். சண்டையும் தீராது, ஒருசந்தியும் இருக்காது. நம் கத்தோலிக்கத் திருச்சபை கேட்பதே கொஞ்சம்தான். 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும், அந்த இரண்டு நாளும் ஒரு முழுச் சாப்பாடு. சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விடுவது, 14 வயதிலிருந்து. கடும் உழைப்பாளிக்கு ஒருசந்தியில் விலக்கும் உண்டு. ஆனாலும் எங்கள் அப்பா பாலில்லாத வெறும் கோப்பி ஓ குடித்துவிட்டு இருட்டிலேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். வயிற்றை அடக்கத் தெரியாதவன் வாயை எப்படி அடக்குவான்? சமாதானத்துக்குத் தேவையான முதல் பயிற்சியே அதுதானே.

கெடாக்காரி:
அண்ணே, உங்கள் அப்பா இருந்தது ஒருசந்தி. இந்தக் காலத்தில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். இறைச்சி இல்லை, சரி. இறால் சம்பல், நண்டுப் பிரட்டல். கோழியை விட இரண்டு மடங்கு செலவு! பாப்பரசர் ஆறாம் பவுல் 1966இல் நோன்பு விதிகளைத் தளர்த்தியபோதே, நோன்போடு ஜெபமும் தருமமும் சேர வேண்டும் என்றார். மிச்சமான காசு யார் கைக்குப் போகிறது? இதை ஏன் யாரும் பட்டியலில் எழுதுவதில்லை?

லெந்து வாசகன்:
நான் லுத்தரன், புராட்டஸ்தாந்து சபைக்காரன். லெந்து நாட்களில், அதாவது நீங்கள் சொல்லும் தவக்காலத்தில், எங்களுக்குக் கட்டாய உபவாசம் கிடையாது. மனதிலிருந்து வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொல்கிறேன், என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் எதுவுமே செய்வதில்லை. ஆகவே விதியை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். இதயத்தை மட்டும் தயார் செய்கிறேன் என்பவன் பெரும்பாலும் அதையும் தள்ளிப்போடுகிறான்.

செம்பனை அண்ணன்:
நன்றி தம்பி. கெடாக்காரி தங்கச்சி சொன்னதும் நியாயம், நண்டு சாப்பிட்டு நோன்பு என்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் பால்மரக்காட்டிடம் ஒன்று கேட்க வேண்டும். வீடு கிடைக்காதவர் அநியாயம் பட்டவர். லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியேறி இன்னமும் வாடகை கட்டுகிறார். 18ஆம் தேதிக்குள் சமாதானமாகு என்று அவரிடம் போய் நிற்பாயா? காயம் பட்டவன் தலையிலேயே பாரத்தை ஏற்றுவது என்ன தவம்?

பால்மரக்காடு:
அண்ணே, அந்த வசனத்தை இன்னொரு முறை படியுங்கள். உனக்கு யார் மேல் கோபம் என்று அது கேட்கவில்லை. உன் மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், நீ போ என்கிறது. அதாவது படி ஏற வேண்டியவர் வீடு கிடைத்தவர். அவரும் வெறுங்கையோடு போய் மன்னிப்பு என்று சொன்னால் போதாது. வீட்டுப் பட்டியல் எப்படித் தயாரானது என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நாற்பது நாள் இறைச்சியை விட்டு என்ன பயன்?

கெடாக்காரி:
அதை அவரிடம் யார் சொல்வது?

பால்மரக்காடு:
நான் சொல்கிறேன். அவர் என் மாமாதான்.

செம்பனை அண்ணன்:
சரி, போய்ச் சொல். கூப்பிட்டால் நானும் வருகிறேன். ஆனால் 18ஆம் தேதிக்குள் அவர் அசையாவிட்டாலும் சாம்பல் வாங்க வராதே என்று அவரைத் தடுக்கக் கூடாது. அவர் மனம் இளகுவது பெரிய வெள்ளியாகவும் இருக்கலாம். அதற்குத்தானே இத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள்?

பால்மரக்காடு:
தடுக்கமாட்டேன், அண்ணே. ஆனால் யார் எதை விடுவது என்ற பட்டியலில் அவர் பெயரை எழுதவும் மாட்டேன்.