பழைய பொருள்களை ஆன்லைனில் தேடுகிறவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சாவிக்கொத்து:

தலைப்பிலேயே ஆன்டிக், விண்டேஜ், அரிய பொருள் என்று மூன்றையும் அடுக்கியிருக்கும் விளம்பரங்களைத் திறந்து பார்ப்பதை நான் விட்டு ரொம்ப நாளாயிற்று. அங்கே நல்ல பொருளே இருக்காது என்று சொல்லவில்லை. இருந்தால் விற்பவருக்கு அதன் மதிப்பு நன்றாகவே தெரிந்திருக்கும், இல்லையென்றால் பட்டறையில் புதிதாகச் செய்து அமிலம் தடவிக் கறுப்பாக்கிய சரக்காக இருக்கும். நான் தேடுவது பொருளின் பெயரே தெரியாத ஆள் போட்ட விளம்பரத்தை. வீடு மாறுகிறவர், தாத்தாவின் அறையை ஒழிக்கிறவர், பரணில் இடம் வேண்டும் என்கிறவர், இவர்கள்தான் நம் ஆட்கள். அவர்கள் ஃபவுண்டன் பேனா என்று போட மாட்டார்கள், "மை ஊற்றும் பழைய பேனா" என்று போடுவார்கள். பிராண்ட் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், அல்லது பிராண்டே இருக்காது. அதனால் சரியான பெயரை டைப் செய்தால் சரியான பெயர் தெரிந்தவர்களின் விளம்பரம்தான் வரும். தப்பான எழுத்துகளையும், "பழைய மெஷின்", "அலமாரியில் இருந்தது" போன்ற சொற்களையும் போட்டுத் தேடி, அந்தத் தேடலைச் சேமித்து அறிவிப்பு வரும்படி வைத்துவிடுவேன்.

அப்படி வந்ததுதான் "இரண்டு கண் உள்ள பெட்டி, ஷோகேஸில் வைக்கலாம்" என்ற விளம்பரம். ஒரே ஒரு படம், அதுவும் இருட்டில் எடுத்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், பெயர்ப்பலகையின் கடைசியில் "ஃப்ளெக்ஸ்" மட்டும் தெரிகிறது. சேகரிப்பவர்கள் தேடும் பழைய ஜெர்மன் கேமராவான ரோலைஃப்ளெக்ஸாக இருந்துவிட்டால் என்ற நினைப்பில் நெஞ்சு அடித்துக்கொண்டது. உடனே செய்தி அனுப்பினேன். விற்றவர் கல்லூரி மாணவி.

"எங்க பெரியப்பாவோடது சார். இதை எப்படித் திறக்கணும்னே தெரியல."

மேல் மூடியைத் தூக்கி, செல்போன் டார்ச்சை முன்னாலிருந்து சாய்த்துப் பிடித்து, இரண்டு லென்ஸின் உள்ளேயும் வெளிச்சம் விழும்படி ஒரு படம் எடுங்கள் என்றேன். பொறுமையாக எடுத்து அனுப்பினார். மேல் லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது, கீழ் லென்ஸ் பளிச்சென்று இருந்தது. இந்த வகைக் கேமராவில் மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு, ஃபிலிமில் படம் விழுவது கீழே இருப்பதன் வழியாகத்தான். ஆக அந்தப் பூஞ்சையால் படத்துக்கு ஒன்றும் கெட்டுவிடாது. அடுத்து ஷட்டர் வேகத்தை 1 வினாடியில் வைத்து அழுத்தி வீடியோ எடுக்கச் சொன்னேன். பழைய ஷட்டரில் எண்ணெய் கெட்டியானால் முதலில் சிக்கிக்கொள்வது மெதுவான வேகங்கள்தான். வீடியோவில் "ஸ்ஸ்ர்ர்ர்" என்று ஒரு நீள இரைச்சல், பிறகு ஒரு "க்ளிக்". அந்தச் சத்தம் போதும், ஷட்டர் சிக்கவில்லை. கேமரா ரோலைஃப்ளெக்ஸ் இல்லை, அதே வடிவில் வந்த ஜப்பானிய யாஷிகாஃப்ளெக்ஸ். இருந்தாலும் விடவில்லை, வாங்கிவிட்டேன்.

விவரிப்பை விடப் படத்தைத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. உங்களுக்கு எப்படி?

கடிகாரமுள்:

கட்சி சரி, ஆனால் கைக்கடிகாரத்தில் படத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. முகப்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், எண்கள் பளபளக்கும், ஆனால் கேஸ், அதாவது வெளிக்கூட்டின் விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழத்திருக்கும். அப்படி இருந்தால் டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை கறை படிந்த அசல் டயல்தான் மேல். புள்ளியும் கீறலுமாக இருப்பதையே தேடி வாங்குகிறவன் நான்.

ஒருத்தர் "தாத்தா 1965இல் வாங்கிய சீகோ, ஒருவர் கையில் மட்டுமே இருந்தது" என்று போட்டிருந்தார். படங்கள் எல்லாம் முன்பக்கம் மட்டும். பின்மூடியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். வந்தது. அதில் 7எஸ்26 என்று தொடங்கும் எண். சீகோவில் பின்மூடியில் இருக்கும் முதல் நான்கு இலக்கங்கள் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். 7எஸ்26 வந்ததே 1996இல்! மரியாதையாகவே சொன்னேன். "அப்படியா பிரதர், அம்மா சொன்னதைத்தான் போட்டேன்" என்றார். அடுத்த வாரம் பார்த்தால் விளம்பரத்தில் 1975 என்று மாற்றியிருக்கிறார். சிரிப்பதா என்ன செய்வது.

கூடவே இன்னொன்று, புதிதாக வருகிறவர்களுக்கு. பழைய சீகோக்களில் வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. 3 என்று தொடங்கினால் 1973ஆ 1983ஆ என்பதை வரிசை எண் சொல்லாது. அந்த இயந்திரம் எந்த ஆண்டுகளில் தயாரிப்பில் இருந்தது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊசிமுனை:

கிராமபோன் தேடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பளபளக்கும் பித்தளைக் கொம்பு, புதுப் பாலிஷ் போட்ட பெட்டி, அதன் மேல் எச்.எம்.வி. கம்பெனியின் நாய்ப்படம் ஒட்டிய தகடு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் நகர்ந்துவிடுவேன். பழைய பெட்டி மாடலின் மோட்டாரைக் கழற்றிப் புதுப் பெட்டியில் போட்டு, புதுக் கொம்பு மாட்டி விற்கிறார்கள். பாடும், அழகாகவும் இருக்கும். ஆனால் நூற்றாண்டுப் பழசு என்று சொல்லி அந்த விலை கேட்பது அநியாயம்.

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஒருவர் போட்டிருந்த கிராமபோன் படங்கள் அவ்வளவு நேர்த்தி, வெளிச்சமெல்லாம் ஸ்டுடியோவில் எடுத்தது போல. "இன்னொருத்தர் சாயங்காலம் வருகிறார், டோக்கன் முன்பணம் போட்டால் நிறுத்தி வைக்கிறேன்" என்றார். படத்தை வைத்துத் தேடிப் பார்த்தேன், பழைய ஏலம் ஒன்றின் பக்கத்தில் அதே படம், அதே கீறல். ஒன்றும் தெரியாததுபோல, ஒரு தாளில் இன்றைய தேதியை எழுதிப் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்டேன். என்னை ப்ளாக் செய்துவிட்டார். டோக்கன் கேட்கிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, ஆனால் தாளும் தேதியும் கேட்டால் உண்மையான ஆள் கோபப்பட மாட்டார்.

அப்புறம், உங்களுக்குப் பணம் வர வேண்டுமானால் நீங்கள் எந்த கியூஆர் கோடையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. விற்கிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சாவிக்கொத்து, ஒரு கேள்வி. அந்தப் பெண்ணிடம் அது என்ன பொருள் என்று சொன்னீர்களா, இல்லை ஷோகேஸ் விலைக்கே வாங்கினீர்களா?

சாவிக்கொத்து:

சொன்னேன். இது படம் எடுக்கிற நிலையில் இருக்கிற கேமரா, கொஞ்சம் விசாரித்துவிட்டு விலை சொல்லுங்கள் என்றேன். இரண்டு நாள் பதிலே இல்லை, போச்சு என்று நினைத்தேன். பிறகு விலையை ஏற்றிக் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். கடைக்காரர் தெரியாமல் விற்றால் அது அவர் பாடு, அவருக்கு அது தொழில். செத்துப்போன பெரியப்பாவின் சாமானை விற்கிற பிள்ளையிடம் வாயை மூடிக்கொண்டு வாங்க எனக்கு மனசு வராது. இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டீர்கள், தெரியும்.

"வேலை செய்யாது, பாகங்களுக்கு மட்டும்" என்று போடுகிறவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கு மிகவும் பிடித்த விற்பனையாளர்கள் அவர்கள்தான், மறைக்க ஒன்றும் இல்லை. 1995இல் ஈபே தொடங்கியபோது முதலில் விற்றதே உடைந்த லேசர் பாயிண்டர். உடைந்தது என்று தெரியுமா என்று நிறுவனர் கேட்டதற்கு, உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேர்க்கிறவன் நான் என்று வாங்கியவர் சொன்னாராம். ஆனால் "டெஸ்ட் செய்யவில்லை" என்ற சொல்லைக் கண்டால் உஷாராகுங்கள். பிளக்கைச் செருகிப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? செருகிப் பார்த்திருப்பார், ஓடியிருக்காது, அவ்வளவுதான்.

தனிச்செய்தியில் ஒருவர் சிங்கர் தையல் மெஷின் பற்றிக் கேட்டிருந்தார், பொதுவிலேயே சொல்கிறேன். உடம்பில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால் அது 1900இலோ அதற்குப் பிறகோ செய்தது. எண்ணை வைத்து ஆண்டைச் சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசி மேலே கீழே போகிற வீடியோ ஒன்றும் கேளுங்கள். முடிந்தவரை நேரில் போய் எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு கனமாக இருக்குமே தவிர, கீழே விழுந்தால் வளையாது, உடையும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், நூல்கண்டு மாட்டும் கம்பியைக் கழற்ற வருகிறதா என்று பார்த்துத் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள், வழியில் முதலில் வளைவதோ உடைவதோ அதுதான். அடிப்பலகையின் நான்கு மூலைகளுக்கும் தனித்தனியாக நுரை வைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் பெட்டி வைக்க மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள், சிங்கர் இன்னொன்று கிடைக்கும்.