கையொப்பமிட்ட முதல் பதிப்பு: வாங்கும்முன் எவற்றைப் பார்ப்பது?

கேள்வி: தற்கால இலக்கிய நாவல்களின் கையொப்பமிட்ட முதல் பதிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கியுள்ளேன். விற்பவர் 'முதல் பதிப்பு' என்று சொன்னாலே போதுமா? வேறொருவர் பெயரை எழுதி ஆசிரியர் கையொப்பமிட்ட பிரதிக்கு மதிப்புக் குறைவா?

முதல் பதில்: போதாது. சேகரிப்பாளர்கள் தேடுவது முதல் பதிப்பின் முதல் அச்சை, அதாவது முதல் தடவை அச்சிட்ட பிரதிகளை. பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில், எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும் எண் வரிசையில் 1 இருந்தால் பெரும்பாலும் அது முதல் அச்சு. மிகச் சிறிய எண் 3 என்றால் மூன்றாம் அச்சு. ஆனால் அமெரிக்கப் பதிப்பகமான ராண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள், முதல் அச்சிலேயே 'முதல் பதிப்பு' என்ற சொற்களுடன் 2-இல் தொடங்கும் வரிசையை அச்சிட்டு, மறு அச்சில் அச்சொற்களை நீக்கிவந்தது. எனவே அந்தந்தப் பதிப்பகத்தின் வழக்கத்தை அறிந்துகொள்வது மிக அவசியம்.

இரண்டாம் பதில்: மேலுறையையும் பாருங்கள். அது இல்லாத பிரதியின் விலை வெகுவாகச் சரிந்துவிடும். உள்மடிப்பின் மூலையில் விலை வெட்டப்பட்டிருந்தால், அது புத்தகக் கழகப் பதிப்பா (கழக உறுப்பினர்களுக்கெனத் தனியாக அச்சிட்டதா) என்றும் சோதியுங்கள். அத்தகைய பதிப்புகள் பலவற்றில் விலையே அச்சிடப்பட்டிருக்காது.

மூன்றாம் பதில்: தலைப்புப் பக்கத்தில் நேரடியாக இட்ட கையொப்பமே, ஒட்டப்பட்ட சீட்டில் உள்ளதைவிட விரும்பப்படுகிறது. பெயர் எழுதப்பட்ட பிரதியைப் பலர் சற்றுக் குறைவாக மதிப்பிடுவது உண்மைதான். ஆயினும் அந்தப் பெயர் ஆசிரியரின் நண்பருடையதாகவோ இன்னொரு எழுத்தாளருடையதாகவோ இருந்தால் மதிப்பு பன்மடங்கு உயரும். என்னைக் கேட்டால், அவைதாம் சேகரிப்பின் உண்மையான செல்வங்கள்.