எச்செவேரியா இலை சுருங்குகிறது: தண்ணீர் போதவில்லையா, கூடிவிட்டதா?

பால்கனிச்செடி (சென்னை):
வணக்கம். நர்சரியில் வாங்கிய எச்செவேரியா (தடித்த இலைகள் ரோஜாப்பூ போல அடுக்கியிருக்கும் செடி), 4 இன்ச் பிளாஸ்டிக் தொட்டி, முழுக்கக் கோகோபீட் (தென்னை நார்த் துகள்). கிழக்கு ஜன்னலில் காலை வெயில் படுகிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் போதும் என்று நர்சரிக்காரர் சொன்னார், அப்படியே ஊற்றி வருகிறேன். இப்போது இலைகள் சுருங்கித் துவள்கின்றன. மேல் மண் நன்றாகக் காய்ந்திருக்கிறது. யூடியூபில் ஒருவர் சுருங்கினால் தண்ணீர் கொடு என்கிறார், இன்னொருவர் உடனே நிறுத்து என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கொத்துமல்லி:
மேல் மண் காய்ந்திருந்தால் தாகம்தான். தினமும் கொஞ்சம் ஸ்பிரே பண்ணுங்க, சரியாகிவிடும்.

தொட்டிமண் (கோவை):
ஸ்பிரே வேண்டாம். வேருக்கு எட்டாது, இலை நடுவில் தேங்கி அழுகல்தான் வரும்.

பால்கனி சார், இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, அடி இலைகள் எப்படி இருக்கின்றன? காகிதம் போல மொரமொரவென்று காய்ந்திருந்தால் அது வயதான இலை, கவலை இல்லை. மஞ்சளாகிக் கொழகொழவென்று இருந்தால் வேறு கதை. இரண்டாவது, ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள்.

பால்கனிச்செடி:
நான் சார் இல்லை, அக்கா 🙂 அடியில் மூன்று இலைகள் மஞ்சளாகி, ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கின்றன. தொட்டதும் கழன்று வந்துவிட்டன. குச்சியின் மேல் பாதி காய்ந்திருந்தது. கீழ் பாதி ஈரம், கோகோபீட்டும் ஒட்டியிருந்தது.

தொட்டிமண்:
மன்னிக்கணும் அக்கா. அப்படியானால் தண்ணீர் கூடிவிட்டது. அடியில் ஈரம் இருந்தும் இலை சுருங்கினால், வேர் அழுகி உறிஞ்ச முடியாமல் போயிருக்கிறது. இலை சுருங்குவது அழுகலுக்கும் தாகத்துக்கும் பொது அடையாளம், அதனால்தான் அந்த யூடியூப் ஆட்கள் இருவரும் அவரவர் செடிக்குச் சரியாகவே சொல்லியிருப்பார்கள். கோகோபீட் மேலே சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும்.

செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ விறைப்பாக இருந்தால் நல்ல வேர். கறுத்து, இழுத்தால் தோல் உருவி வருவதை வெட்டிவிடுங்கள். தண்டுக்குள் கறுப்பு ஏறியிருந்தால், கத்தியைத் துடைத்துத் துடைத்து, சுத்தமான பச்சை தெரியும்வரை மேலே வெட்டிக்கொண்டே போகவேண்டும். வெட்டிய முனை நிழலில் நான்கைந்து நாள் காயட்டும். அப்புறம் புது மண்ணில் வையுங்கள், வேர் விடத் தொடங்கும்வரை தண்ணீர் வேண்டாம்.

செம்மண்காடு (மதுரை):
மண்ணுக்கு: பாதிக்கு மேல் பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக் கல்) அல்லது செங்கல் பொடிக்கல், மீதி தோட்டமண்ணும் மக்கிய உரமும். எம்-சாண்ட் போடுவதானால் தூளைச் சலித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். மண் தொட்டியே நல்லது, அடி ஓட்டை கட்டாயம்.

பால்கனிச்செடி:
தண்டு பாதி போச்சு, தலை தப்பித்தது. நிழலில் காயவைத்திருக்கிறேன். வேர் விட்ட பிறகு எப்போது ஊற்றுவது? வாரக் கணக்கே வேண்டாமா?

தொட்டிமண்:
நாள் கணக்கை விட்டுவிடுங்கள். ஊற்றிய உடனே தொட்டியைக் கையில் தூக்கி எடையைப் பழகிக்கொள்ளுங்கள், காய்ந்தபின் லேசாக இருப்பது கைக்கே தெரியும். தொட்டி லேசு, குச்சி அடிவரை காய்ந்தது, அடி வரிசை இலை லேசாக அமுங்குகிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். ஓரிரு நாளில் இலை மறுபடி விறைத்தால் வேர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். விறைக்காவிட்டால் மறுபடி ஊற்றாமல் செடியை எடுத்துப் பாருங்கள்.

மே மாதத்தில் இன்னும் குறையுங்கள். இந்த இனம் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பக்கத்துச் செடி. பகலில் இலைத்துளையை மூடி இரவில் திறக்கும். சென்னையில் அப்போது இரவே 28 டிகிரியை ஒட்டி இருப்பதால் வளர்ச்சி மந்தமாகும், குடிப்பதும் குறையும். வெயில் கொளுத்துகிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றித்தான் பல எச்செவேரியா போகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே கவனம் வேண்டும், காற்றிலேயே ஈரம் நிற்கும்.

கொத்துமல்லி:
அப்போ என் ஜேடு செடிக்கும் இதே கணக்கா?

செம்மண்காடு:
இலை எவ்வளவு பெரிசு? நம்ம நர்சரிகளில் ஜேடு என்று விற்பது பல சமயம் சின்ன வட்ட இலை போர்ச்சுலகேரியாதான். அது நம்ம வெயிலை நன்றாகத் தாங்கும், வளரும்போது தண்ணீரும் அடிக்கடி கேட்கும். குச்சி சோதனை அதற்கும் உண்டு. படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.