ஓஹாயோவில் திருமண உரிமம்: விவாகரத்துத் தீர்ப்பின் நகலும் குடும்பப்பெயர் இல்லாத பாஸ்போர்ட்டும்

கேள்வி (மதுரைப்பெண்):

அனைவருக்கும் வணக்கம். நானும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவரும் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஒரே கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வசிக்கிறோம். இருவரும் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறோம். அடுத்த மாதக் கடைசியில், பக்கத்துக் கவுண்டியில் உள்ள கோயிலில் திருமணம் வைத்திருக்கிறோம். சடங்குக்கு முன்பே உரிமம் வாங்கிவிட வேண்டும் என்பதால், இங்கே திருமண உரிமம் வழங்கும் புரோபேட் நீதிமன்றத்துக்குச் சென்றோம், விண்ணப்பத்தை ஏற்கவில்லை.

எனக்கு இது மறுமணம். மதுரை குடும்பநல நீதிமன்றம் அளித்த விவாகரத்துத் தீர்ப்பின் ஜெராக்ஸ் பிரதியை நோட்டரி கையொப்பத்துடன் கொடுத்தேன். அது செல்லாது என்று எழுத்தர் திருப்பித் தந்துவிட்டார். எனக்கு நிச்சயிக்கப்பட்டவருடைய பாஸ்போர்ட்டிலோ குடும்பப்பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. விசாவில் அவருடைய பெயர் குடும்பப்பெயராகவும், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்றும் அச்சாகியிருக்கிறது. விண்ணப்பத்தில் எதை எழுதுவது? கோயில் இருக்கும் கவுண்டியில் விண்ணப்பித்தால் எளிதாக முடியுமா?

மறுமொழி (கிளீவ்லாந்து வாசகர்):

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓஹாயோவில் வசிப்பவர்கள், இருவரில் ஒருவர் குடியிருக்கும் கவுண்டியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சடங்கு நடக்கும் கவுண்டியில் விண்ணப்பிப்பது, இருவருமே வெளிமாநிலத்தவராக இருந்தால் மட்டும்தான். உங்கள் கவுண்டியில் வாங்கும் உரிமம் மாநிலம் முழுவதும் செல்லும். ஆகையால் கோயில் எங்கே இருக்கிறது என்ற கவலை வேண்டாம்.

தீர்ப்பு விஷயத்தில் எழுத்தர் கேட்டது நியாயமானதே. நோட்டரி கையொப்பமிட்ட ஜெராக்ஸ் வேறு, தீர்ப்பளித்த நீதிமன்றமே வழங்கும் சான்றிட்ட நகல் வேறு. முன்பு திருமணமாகி விவாகரத்துப் பெற்றவர், எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, எந்த வழக்கு எண் என்பதையும், முந்தைய திருமணத்தில் பிறந்த மைனர் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். ஊரில் உங்கள் வழக்கை நடத்திய வக்கீலிடம் எச்.எம்.ஓ.பி. எண்ணை (இந்துத் திருமணச் சட்ட மனுவின் வழக்கு எண்) கொடுத்து நகல் மனு போடச் சொல்லுங்கள். கையில் கிடைத்ததும் நீதிமன்ற முத்திரை இருக்கிறதா, மனு செய்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் ஆகியவற்றைக் காட்டும் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். தீர்ப்பு தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பை எந்த வடிவில் ஏற்பார்கள் என்று நீதிமன்றத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

மறுமொழி (டேட்டன் தம்பதி):

பெயரைப் பொறுத்தவரை எங்கள் கருத்து உறுதியானது: பாஸ்போர்ட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். ‘எஃப்என்யு’ என்பது முதற்பெயர் தெரியவில்லை என்பதற்காக அமெரிக்க விசாவில் இடப்படும் குறி. அது யாருடைய பெயரும் அல்ல. உரிமத்தில் எழுதப்படும் பெயரே சான்றிதழிலும் வரும் என்பதால், பிற்பாடு கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் இந்தியப் பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்கும்போதும் இந்த ஒரு வரி உங்களைத் தொடர்ந்து வரும். இடத்தை நிரப்புவதற்காக இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரைப் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் உள்ளது என்று எழுத்தரிடம் காட்டி, அதை அவர்கள் எப்படிப் பதிவார்கள் என்று கேளுங்கள். உரிமம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். இருவரும் நேரில் போயாக வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இருப்பதால் அதையும் குறிப்பிட வேண்டியிருக்கும்.

இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களுக்காக ஒன்று. மணமக்கள் ‘செகண்ட் கசின்’ எனப்படும் உறவை விட நெருங்கிய இரத்த உறவினராக இருந்தால் ஓஹாயோவில் உரிமம் கிடைக்காது. நம்மிடையே முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று இயல்பாக நடக்கும் அத்தை மகன், மாமன் மகள் திருமணமும், தாய்மாமனை மணப்பதும் இந்தத் தடைக்குள் வருகின்றன. தாத்தாவின் உடன்பிறந்தவருடைய பேரப்பிள்ளை என்றால், அதுதான் ‘செகண்ட் கசின்’, தடையில்லை.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. வக்கீலிடம் பேசிவிட்டேன், நகல் மனு போட்டிருக்கிறார். நகல் வரத் தாமதமானால், குறித்த முகூர்த்தத்தில் கோயிலில் சடங்கை முடித்துக்கொண்டு, உரிமத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

மறுமொழி (கிளீவ்லாந்து வாசகர்):

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உரிமம் இல்லாமல் திருமணம் செய்துவைக்கக் கூடாது என்று ஓஹாயோ சட்டம் நேரடியாகவே சொல்கிறது. குருக்களையும் சிக்கலில் மாட்டிவிடுவீர்கள். தவிர, அழைப்பிதழிலும் புகைப்படங்களிலும் ஒரு தேதி, சான்றிதழில் வேறொரு தேதி என்றிருந்தால், குடியேற்ற அதிகாரி கேட்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நகல் வராவிட்டால் முகூர்த்தத்தைத் தள்ளிவையுங்கள். பெரியவர்களிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். திருமணத்தை நடத்திவைக்கும் குருக்கள் ஓஹாயோ மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் அதற்கான உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் குடும்ப சாஸ்திரிகள் மந்திரம் சொல்லலாம், ஆனால் உரிமம் பெற்ற ஒருவர் உடனிருந்து முறைப்படி நடத்திவைத்துக் கையொப்பமிட வேண்டும். கோயில் அலுவலகத்தில் கேட்டால் யாருக்கு உரிமம் இருக்கிறது என்று சொல்வார்கள். உங்கள் திருமண உரிமம் 60 நாட்கள் மட்டுமே செல்லும். எனவே நகல் வந்த பிறகு நாள் குறித்து, அதற்கேற்ப விண்ணப்பியுங்கள். சாட்சிகள் தேவையில்லை.

சடங்கு முடிந்து 30 நாட்களுக்குள், திருமணத்தை நடத்திவைத்தவர் தாம் நிரப்பிய சான்றிதழை உரிமம் வழங்கிய நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது பதிவாகிவிட்டதா என்று நீங்களே நீதிமன்றத்தில் விசாரித்து, முத்திரையிட்ட சான்று நகல்கள் சிலவற்றை அப்போதே வாங்கி வையுங்கள். கோயிலில் தரும் அலங்காரச் சான்றிதழைக் குடியேற்றத் துறைக்கு அனுப்பினால் அது போதாது என்று திரும்பிவரும்.