சிமுலேஷனில் படித்தால் ஏசி திருத்த வருமா?

பஞ்சிகாவத்தை பாஸ்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: “ஏசி பழுது பார்க்கப் பழக கம்ப்யூட்டரில் நிஜம்போலச் செய்து பழகும் சிமுலேஷன் போதும், வேர்க்‌ஷொப் தேவையில்லை.” வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வைண்டிங், அதாவது கம்ப்ரஸர் மோட்டரின் கம்பிச்சுருள், கருகியிருந்தால் மூக்கே சொல்லிவிடும். உங்கள் கம்ப்யூட்டருக்கு மணம் தெரியுமா?

மல்டிமீட்டர்22:
எழுதியது நான்தான் அண்ணை. கம்ப்ரஸர் உறுமும், ஸ்டார்ட் ஆகாது, கொஞ்ச நேரத்தில் ஓவர்லோட் என்ற பாதுகாப்பு சுவிட்ச் விழும். மோட்டர் ஓட உதவும் ரன் கெப்பாசிட்டரில் 35 மைக்ரோபரட் என்று அடித்திருக்கும், மீட்டர் 22 காட்டும், அதாவது பழுது கெப்பாசிட்டரில். இதில் என்ன மணம்? சிமுலேஷனில் இதே பழுதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கொடுக்கலாம். அளக்காமல் கம்ப்ரஸரில் கை வைத்தால் எங்கே பிழைத்தது என்று காட்டும். 230 வோல்ட் அடியும் விழாது.

பஞ்சிகாவத்தை பாஸ்:
தம்பி, நான் கேட்டது மணம். கெப்பாசிட்டர் இல்லை.

தெமட்டகொடை வாசி:
1970களிலேயே அமெரிக்காவில் சோஃபி என்றொரு மென்பொருள், பவர் சப்ளையில் பழுதை வைத்துக் கண்டுபிடிக்கப் பழக்கியது. விமானிகளுக்கு எட்வின் லிங்க் 1929இலேயே பயிற்சிப் பெட்டி செய்துவிட்டார்.

பஞ்சிகாவத்தை பாஸ்:
பெட்டியில் பழகியவனை நேரே பயணிகளோடு அனுப்பினார்களா? நிஜ விமானத்திலும் ஏற்றினார்கள்தானே? அது சரி, சோஃபிக்கு மூக்கு இருந்ததா?

வெள்ளவத்தை அக்கா:
என் வீட்டுக்கு வந்தவரும் மோந்துதான் பார்த்தார். “வைண்டிங் போச்சு, கம்ப்ரஸர் மாத்த வேணும்” என்றார். பிறகு வேறொருவர் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினார். இன்றும் ஓடுகிறது.

பஞ்சிகாவத்தை பாஸ்:
அவன் கோர்ஸ் முடித்து வந்த பெடியனாக இருப்பான் அக்கா. பாஸ்மாருக்கு மூக்கு பிழைக்காது.

மல்டிமீட்டர்22:
அக்காவே சொல்லிவிட்டார், இன்னும் மூக்கா? வைண்டிங் கம்ப்ரஸரின் இரும்பு பாடியில் பட்டிருந்தால் மீட்டர் காட்டும், அதையும் திரையில் பழகலாம். உங்களிடம் என்விகியூ என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ் இல்லாத கோபம் இது.

பஞ்சிகாவத்தை பாஸ்:
சான்றிதழ் என்னிடம் வேலை பழகிய பெடியன்களிடம் இருக்கிறது. மவுஸைத் தட்டிப் பழகியவன் கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்டை இறக்காமல், டிஸ்சார்ஜ் செய்யாமல், தொடுவான். திரையில் அடி விழாதே, பயம் எங்கிருந்து வரும்?

தெமட்டகொடை வாசி:
டிஸ்சார்ஜ் செய்யாவிட்டால் அடுத்த படிக்கே விடாதபடி சிமுலேஷனை அமைக்கலாம்.

வெள்ளவத்தை அக்கா:
பாஸ், பஞ்சிகாவத்தையில் ஒரிஜினல் கெப்பாசிட்டர் எந்தக் கடையில் கிடைக்கும்?

மல்டிமீட்டர்22:
அவரிடம் கேட்டால் மோந்து பார்த்து வாங்கச் சொல்வார்.

பஞ்சிகாவத்தை பாஸ்:
கடையை அக்காவுக்குத் தனியாகச் சொல்கிறேன். தம்பி முதலில் மணத்துக்குப் பதில் சொல்லட்டும்.