புதிய மின்னஞ்சலுக்கு மாறும்போது பழைய கடிதங்கள் என்ன ஆகும்?

கேள்வி (ஆத்தங்குடியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். அப்பா ஆத்தங்குடியில் நடத்திவரும் டைல்ஸ் பட்டறையின் கடிதப் போக்குவரத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனம் தந்த மின்னஞ்சல் முகவரியைத்தான் 12 ஆண்டுகளாக வைத்திருந்தோம். அடுத்த மாதக் கடைசியோடு அந்தச் சேவையை நிறுத்திவிடுவதாக அவர்கள் தெரிவித்துவிட்டார்கள்.

ஜிமெயிலில் புதிய கணக்குத் தொடங்கினேன். பழைய கடிதங்கள் தாமாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பெட்டி காலியாகவே இருக்கிறது. எந்த வீட்டுக்கு எந்த நிறக் கலவையைக் கொடுத்தோம் என்று அப்பா எழுதிய பதில்களெல்லாம் பழைய கணக்கில்தான் உள்ளன. முற்றத்தில் நான்கு கல் உடைந்துபோய், பத்து ஆண்டு கழித்து அதே நிறத்தில் கேட்டு வருபவர்களுக்கு அந்தப் பதில்களைப் பார்த்துத்தான் கலவை போடுகிறோம். பட்டறைக் கணினியில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியைத் திறந்தால் எல்லாக் கடிதங்களும் தெரிகின்றன. அதே கணக்கைக் கைபேசியில் திறந்தால் அண்மையில் வந்த சிலவே தெரிகின்றன. பாப், ஐமேப், எஸ்எம்டிபி என்று அமைப்புப் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் 1 (தேவகோட்டையிலிருந்து)

தொடர்பு உண்டு, தம்பி. முகவரி, கடிதங்கள் தங்கும் இடம், அவற்றைப் படிக்கும் செயலி ஆகிய மூன்றும் வெவ்வேறு. நிறுத்தப்படுவது முதல் இரண்டும்தான். தண்டர்பேர்டு உங்கள் கணினியில் இருக்கும் செயலி, அதை யாரும் நிறுத்த முடியாது.

எஸ்எம்டிபி என்பது கடிதத்தை அனுப்பும் முறை. வந்த கடிதத்தை எடுத்துப் படிக்க பாப், ஐமேப் என இரண்டு முறைகள் உள்ளன. பாப் முறையில் செயலி சர்வரிலிருந்து, அதாவது கடிதங்கள் தங்கும் நிறுவனத்தின் கணினியிலிருந்து, கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, சர்வரில் இருப்பதை உடனேயோ சில நாள் கழித்தோ அழித்துவிடும். ஐமேப் முறையில் கடிதம் சர்வரிலேயே இருக்கும்; கணினி, கைபேசி இரண்டிலும் அதே பெட்டியைப் பார்ப்பீர்கள். தண்டர்பேர்டின் சர்வர் அமைப்பில், சர்வரோடு எந்த வழியில் இணைகிறது என்பதைக் குறிக்கும் போர்ட் எண்ணைப் பாருங்கள்: 995 என்றிருந்தால் பாப், 993 என்றிருந்தால் ஐமேப். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாப் ஆகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் 12 ஆண்டுக் கடிதங்களும் அந்த ஒரு கணினியின் வன்தட்டில் மட்டுமே இருக்கின்றன. பாப் முறை வரவுப்பெட்டியை மட்டுமே கையாளும் என்பதால், அப்பா அங்கிருந்து அனுப்பிய பதில்களும் அங்கேயேதான் இருக்கும். எனக்குக் கவலை தருவது நிறுவனம் சேவையை மூடுவதைவிட இதுதான்.

ஆகவே முதல் வேலையாக, தண்டர்பேர்டை மூடிவிட்டு கடிதங்களும் அமைப்புகளும் சேமிக்கப்பட்டிருக்கும் அதன் புரொஃபைல் கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். பிறகு ஜிமெயில் கணக்கை ஐமேப் முறையில் அதே தண்டர்பேர்டில் சேருங்கள். பழைய கோப்புறையிலுள்ள கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, ஜிமெயிலின் கீழ் உருவாக்கிய கோப்புறைக்கு நகலெடுத்தால் அவை சர்வருக்கு ஏறிவிடும். நகர்த்த வேண்டாம், நகலெடுங்கள். பாதியில் மின்சாரம் போனாலும் மூலம் பத்திரமாக இருக்கும். ஆண்டுவாரியாகச் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை கூகுள் டிரைவும் புகைப்படங்களும் பங்குபோட்டுக்கொள்ளும் என்பதால் முதலில் மொத்த அளவைப் பார்த்துவிடுங்கள். முகவரிப் புத்தகம் இந்த வழியில் வராது. அதைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து ஜிமெயில் தொடர்புகளில் சேர்க்க வேண்டும்.

பதில் 2 (கானாடுகாத்தானிலிருந்து)

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வங்கி, வருமான வரித் தளம், ஜிஎஸ்டி தளம் ஆகியவற்றில் எந்த முகவரியைப் பதிந்திருக்கிறீர்களோ அதற்குத்தான் ஓடிபியும் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் வரும். முகவரியை மாற்றும்போது சில தளங்கள் பழைய பெட்டிக்கும் ஓர் உறுதிப்பாட்டுக் கடிதம் அனுப்பும். அதற்குள் பெட்டி மூடப்பட்டிருந்தால் மிகவும் அலைய வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் தங்க வரும் விருந்தினர்களின் முன்பதிவுக் கணக்கு ஒன்றை அப்படித்தான் இழந்தேன், மீட்க நெடுநாள் ஆயிற்று. பழைய பெட்டிக்கு வருபவற்றைப் புதியதற்குத் திருப்பிவிடும் வசதி இருந்தால் இன்றே போடுங்கள். ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள், சேவை நின்ற அன்றே அதுவும் நின்றுவிடும்.

பதில் 3 (காரைக்குடியிலிருந்து)

பட்டறைக்கென்று சொந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர், வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அப்போது நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. கடிதங்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டொமைனின் எம்எக்ஸ் பதிவில் புதிய நிறுவனத்தின் சர்வரைக் குறித்துவிட்டால் கடிதங்கள் அங்கே போய்ச் சேரும். டொமைனைக் காலக்கெடுவுக்குள் புதுப்பிக்க மறக்கக் கூடாது. தவறவிட்டால் வேறொருவர் அந்தப் பெயரை வாங்கி, உங்களுக்கு வரும் கடிதங்களைத் தாமே பெற முடியும். டொமைன் விற்றவரிடம் உள்ள கணக்குக்கு அதே டொமைனின் முகவரியைக் கொடுக்காமல் ஜிமெயில் முகவரியைக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. போர்ட் எண் 995 என்றே இருந்தது. பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு, அப்பா அனுப்பிய பதில்களில் முதல் மூன்று ஆண்டுகளுக்கானவற்றை நேற்று இரவு ஏற்றினேன். இன்று காலை பட்டறையில் நின்றபடியே பழைய பச்சைக் கலவையின் அளவைக் கைபேசியில் தேடி எடுத்து அப்பாவிடம் காட்டினேன். வங்கிக்கு நாளை போகிறேன். டொமைன் பற்றி அவரோடு பேசிவிட்டு எழுதுகிறேன்.