எழுத்தாளரா, எழுதுகிறவரா? தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் அடையாளப் பெயர்கள் பற்றி ஓர் ஐயம்

கேள்வி (பதிவர்: பின்வரிசை)

ஆறு ஆண்டுகளாகச் சிறுகதை எழுதிவருகிறேன்; பதினொரு கதைகள் இதழ்களில் வெளிவந்துள்ளன. அண்மையில் ஓர் இதழாசிரியர் என்னைப் பற்றி இரண்டு வரியில் குறிப்பு கேட்டபோது, 'எழுத்தாளர்' என்று தட்டச்சு செய்து, அழித்து, 'எழுத்தில் ஆர்வமுள்ளவர்' என்று மாற்றி, அதுவும் பொய்ப் பணிவாகத் தோன்றவே, பிறந்த ஆண்டை மட்டும் அனுப்பிவைத்தேன். தம்மை 'நாத்திகர்' என்றோ 'இன்ட்ரோவர்ட்' (தனிமையை நாடுபவர்) என்றோ தயக்கமின்றிச் சொல்லிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கிறது. இத்தகைய பெயரைச் சூடிக்கொள்ள யாருடைய ஒப்புதல் வேண்டும்?

மறுமொழி (பதிவர்: ஒற்றெழுத்து)

உங்கள் தயக்கத்துக்கு இலக்கணத்திலேயே ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 'எழுதியவர்', 'எழுதுகிறவர்' என்பன வினையாலணையும் பெயர்கள். அவை காலம் காட்டும். 'எழுத்தாளர்' காலம் காட்டாது. பத்தாண்டுகளாக ஒரு வரிகூட எழுதாதவரும் எழுத்தாளர்தான். அதாவது, செய்த செயலுக்கு மட்டுமன்றி இனிச் செய்யப்போவதற்கும் சேர்த்து அந்தச் சொல் உறுதி கொடுத்துவிடுகிறது. நேர்மையானவருக்கு அங்கேதான் விரல் நின்றுவிடும். 'குடிக்கிறவர்', 'குடிகாரர்' என்ற இணையிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். ஆனால், 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களில், குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களும் தம்மைக் குடிநோயாளி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். காலம் காட்டாத சொல்லே அவர்களுக்குக் காவலாக இருக்கிறது.

மறுமொழி (பதிவர்: மூன்றாம் படி)

ஒற்றெழுத்து கூறுவது அழகாக இருக்கிறது. ஆயினும் சொல்வடிவத்துக்கு இவ்வளவு வலிமை உண்டா என்பதில் எனக்கு ஐயமே. 'வாக்களிப்பது' என்பதற்குப் பதிலாக 'வாக்காளராக இருப்பது' என்று கேட்டால் அதிகம் பேர் வாக்களிக்கிறார்கள் என்று அமெரிக்காவில் 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் மேலும் பலரிடம் சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை.

ஒப்புதலைப் பற்றிக் கேட்டீர்கள். சுற்றியிருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு 'வாதி'யாக இருக்க, தாம் மட்டும் வாலறுந்த நரியைப்போல் நிற்பதாக உணர்ந்த ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, 1869இல் 'அக்னாஸ்டிக்' (கடவுள் உண்டா என்பதை அறிய இயலாது என்பவர்) என்ற சொல்லைத் தாமே உருவாக்கிக்கொண்டார், யாரிடமும் கேட்கவில்லை. 1874இல் ஒரு விமர்சகர் பாரிஸ் ஓவியர்கள் சிலரைக் கேலிசெய்து எழுதிய 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயரையோ, அந்த ஓவியர்கள் 1877ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குள் தமதாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆகவே, அனுமதியைத் தேடாதீர்கள். அந்தச் சொல் உங்களுக்கு எந்த வேலையைச் செய்யவேண்டும் என்று பாருங்கள்.

மறுமொழி (பதிவர்: கதவோரம்)

தயக்கமின்றிச் சொல்லிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. உளவியலாளர் யுங் 1921இல் 'இன்ட்ரோவர்ட்' பற்றி எழுதியபோது, மன ஆற்றல் உள்நோக்கித் திரும்புவதையே குறித்தார். விருந்துக்குப் போகாமலிருப்பதை அல்ல. நானோ அச்சொல்லை விடுப்புக் கடிதமாகப் பயன்படுத்தினேன். நெருங்கிய தோழி வீடு குடிபுகுந்த செய்தி படங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டபோது, "உனக்குத்தான் கூட்டம் ஆகாதே, அதனால்தான் தொந்தரவு செய்யவில்லை" என்றாள். அவள்மேல் குறை சொல்ல வழியில்லை. நான் சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள், அவ்வளவுதான்.

மறுமொழி (பதிவர்: பின்வரிசை)

மூவருக்கும் நன்றி. 'பதினொரு கதைகள் எழுதியவர். பன்னிரண்டாவதை எழுதிக்கொண்டிருப்பவர்' என்று காலம் காட்டும் சொற்களாகவே தேர்ந்து, குறிப்பைத் திருத்தி அனுப்பினேன். இன்று இதழ் வந்தது. இடம் போதாமையாலோ என்னவோ, ஆசிரியர் இரண்டையும் நீக்கிவிட்டு 'எழுத்தாளர்' என்று அச்சிட்டிருக்கிறார்.